கோளரங்கத்தில் "உள்ளேன் ஐயா!" என்று கத்திவிட்டேன், அடுத்த சுற்றுலாவுக்குப் போவதா, வேண்டாமா?

கேள்வி: வரிசை எண் 27

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். போன மாதம் பள்ளியிலிருந்து ஓர் அறிவியல் மையத்துக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். விடிவதற்கு முன்பே பஸ் கிளம்பிவிட்டது. காலை முழுக்க ஒவ்வோர் அரங்கமாக நடந்து கால் கெஞ்சியது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கோளரங்கத்துக்குள் உட்கார வைத்தார்கள். சாய்ந்துகொள்ளும் நாற்காலி, குளிரூட்டிய அறை, போதாததற்கு விளக்கையும் அணைத்துவிட்டார்கள். வியாழனின் நிலவுகள் வரை கேட்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

விளக்கவுரை சொன்னவர் நம் நிலாவுக்கு வந்து, அது பூமியை ஒரு முறை சுற்றிவர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே அழுத்தம் திருத்தமாக "இருபத்தேழு" என்று சொல்லியிருக்கிறார். என் வருகைப் பதிவேட்டு எண் 27. எங்கள் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண் மட்டும்தான். நான் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா!" என்று கத்தியிருக்கிறேன். எழுந்தது எனக்குத் தெரியாது. என் குரல் மேலே குவிமாடத்தில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் கண் விழித்தேன்.

உள்ளே எங்கள் பள்ளி மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. வேறு இரண்டு பள்ளிகளும் இருந்தன. சிரிப்பு அடங்குவதற்குள் செவ்வாய்க் கிரகம் வந்து போய்விட்டது.

பையன்கள் என்னை இப்போது "நிலா" என்று கூப்பிடுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வகுப்பாசிரியர்தான் விடுவதாக இல்லை. தினமும் காலையில் 26 வரை படிப்பார், நிறுத்துவார், நிமிர்ந்து பார்ப்பார், "நிலா எத்தனை நாளில் சுற்றும்?" என்பார். மொத்த வகுப்பும் சேர்ந்து "இருபத்தேழு!" என்று கத்தும். அதற்குப் பிறகு நான் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் இயற்கை முகாம் என்று இரண்டு இரவு தங்கும் சுற்றுலா அறிவித்திருக்கிறார்கள். ஒரே கூடத்தில் எல்லோரும் படுக்க வேண்டும். ஒரு மதியத் தூக்கத்துக்கே இந்தப் பாடு என்றால், இரண்டு இரவு தூங்கினால் என்னவெல்லாம் உளறுவேனோ! வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுக்க வேண்டும். வீட்டில் எதுவும் தெரியாது. படிக்க நிறைய இருக்கிறது, நான் போகவில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். போகலாமா, இப்படியே இருந்துவிடலாமா? இதுபோல யாருக்காவது நடந்திருக்கிறதா?

பதில்: மூன்றாம் ஆண்டு மாணவி

நடந்திருக்கிறது தம்பி. எனக்கு நடந்தது வேறு மாதிரி.

பத்தாம் வகுப்பில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். திரும்பும் நேரம் வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. எங்கள் சீருடையும் இன்னொரு பள்ளிச் சீருடையும் ஒரே நீலம். கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாகத் தோளைத் தட்டி, "நீங்கள் எந்தப் பிரிவு? புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டபோது பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருந்தது. அவர்களுடைய ஆசிரியை எண்ணிப் பார்த்திருக்கிறார், ஒரு தலை அதிகமாக இருந்திருக்கிறது. குறைந்தால் பதறுவார்கள். கூடினால் தப்பாக எண்ணிவிட்டோம் என்று விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது.

என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விடும்வரை எங்கள் பஸ் அங்கேயே நின்றது. நான் ஏறியதும் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நீ வாங்கிய சிரிப்பு ஆயிரம் மடங்கு மேல்.

என்னையும் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். பிறகு ஆண்டு விழா நாடகத்தில் அரசனாக நடித்தவனின் மீசை வசனத்தின் நடுவில் எதிரே நின்ற மந்திரியின் உதட்டுக்குத் தாவியது. அன்றோடு என் கதை முடிந்தது. முகாமுக்குப் போ. நீ போனாலும் போகாவிட்டாலும் அங்கே யாராவது ஒருவர் எதையாவது செய்யத்தான் போகிறார்கள். நீ வராவிட்டால் அவர்கள் உட்கார்ந்து பேச உன் கதை மட்டும்தான் இருக்கும்.

பதில்: மருந்தாளுநர்

ஒரே ஒரு கேள்வி. அன்று காலை பஸ் ஏறுவதற்கு முன் வாந்தி வராமல் இருக்க மாத்திரை ஏதாவது போட்டுக்கொண்டாயா?

வரிசை எண் 27

ஆமாம் ஐயா. எனக்கு பஸ்ஸில் குமட்டும். அம்மா காலையில் ஒன்று கொடுத்தார்கள். திரும்பும் வழிக்கு என்று இன்னொன்று கொடுத்துவிட்டிருந்தார்கள். அதை மதியம் சாப்பிட்டவுடனே போட்டுக்கொண்டேன். மறந்துவிடுவேனோ என்று பயம்.

பதில்: மருந்தாளுநர்

நினைத்தேன்.

பயண வாந்திக்குக் கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள். டைமென்ஹைட்ரினேட், ப்ரோமெதசின், மெக்லிசின் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இவை மூளைக்குள் புகுந்து வேலை செய்வதால்தான் குமட்டல் அடங்குகிறது. அதே காரணத்தால்தான் தூக்கமும் வருகிறது. தூக்கம் வராத புதிய ஒவ்வாமை மாத்திரைகள் பயண வாந்தியைத் தடுப்பதில்லை. மெக்லிசினில் மயக்கம் சற்றுக் குறைவு, ப்ரோமெதசினில் அதிகம். காலை மாத்திரையின் தூக்கம் முழுதாகக் கலையாத நேரத்தில் நீ இரண்டாவதைப் போட்டிருக்கிறாய். அதோடு வயிறு நிறையச் சாப்பாடு, இருட்டறை, சாய்வு நாற்காலி. நானாக இருந்தாலும் சனிக் கிரகம் வரும்வரை தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சிறுவர்களுக்குச் சுரப்பதைவிட உங்களுக்குத் தாமதமாகச் சுரக்கிறது. அதனால்தான் இரவு படுத்தாலும் தூக்கம் வருவதில்லை, காலையில் எழுப்பினாலும் எழ முடிவதில்லை. உன் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்றே பரிந்துரைத்தது. விடிவதற்கு முன் பஸ்ஸை எடுக்கிறவர்கள் அதைப் படித்ததில்லை.

முகாமுக்கு முன் மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது என்று கேட்டுக்கொள். வழக்கமாகக் கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார். உள்காது "நகர்கிறோம்" என்கிறது, போனைப் பார்க்கும் கண் "அசையவே இல்லை" என்கிறது. அந்தத் தகராறுதான் வயிற்றைப் புரட்டுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டார்வின் 1831-இல் பீகிள் கப்பலில் ஏறியவர். 1836-இல் இறங்கும்வரை கடல் குமட்டல் அவரை விடவே இல்லை.

பதில்: கடைசி பெஞ்ச்

எல்லோரும் இதை நோய் போலப் பார்க்கிறீர்கள். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் "பீரங்கி" என்று பெயர் வைத்தார்கள். ஒரு கோட்டையைப் பார்க்கப் போனபோது பீரங்கிக் குழாய்க்குள் கையை விட்டு எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டேன். வழிகாட்டி எண்ணெய் கொண்டுவந்து ஊற்றித்தான் கை வெளியே வந்தது. இன்றைக்கும் நண்பர்கள் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். கல்யாண மேடையில் பரிசுப் பொட்டலத்தின் மேலேயே "பீரங்கிக்கு" என்று எழுதியிருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆசிரியர் கேலி செய்வதும் பாசத்தில்தான். பிடிக்காத மாணவனோடு யார் விளையாடுவார்கள்? அவர் கேட்கும்போது நீயும் சேர்ந்து சத்தமாக "இருபத்தேழு" என்று சொல், தானாக அடங்கிவிடும். முகாமுக்குக் கட்டாயம் போ.

பதில்: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை

பணிக்காலம் முழுக்கப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனவள் நான். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள் தம்பி.

கோளரங்கத்தில் தூங்குவது புதிதே அல்ல. ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் செய்த கருவி 1923-இல் மியூனிக் நகரில் குவிமாடத்தின் உட்புறத்தில் விண்மீன்களைக் காட்டியது. அன்றைய பார்வையாளர்களிலேயே ஒருவராவது கண்ணயர்ந்திருப்பார் என்பது என் துணிபு. என்னோடு வந்த ஆசிரியர்களே குறட்டை விட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் பின்னாளில் தலைமை ஆசிரியர் ஆனார்.

இப்படி ஒரு கேள்வி வந்தால் "யாரும் உன்னைக் கவனிக்கவில்லை" என்று ஆறுதல் சொல்வதும், துணைக்கு ஓர் ஆய்வை எடுத்து நீட்டுவதும் வழக்கம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்டது அது. மாணவர் ஒருவருக்குப் பேரி மேனிலோ என்ற பாடகரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டை மாட்டினார்கள். கல்லூரி வயதில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதே மானக்கேடு என்று கருதப்பட்ட காலம். அப்படியே மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பி, "எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று பிறகு கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் என்றார்கள் போட்டிருந்தவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

நல்ல ஆய்வு, ஆனால் உனக்கு உதவாது. டி-ஷர்ட் எழுந்து நின்று கத்தவில்லை. நீ கத்தினாய், அரங்கம் முழுக்கக் கேட்டது. அதை இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற நான் தயாராக இல்லை.

உனக்குப் பயன்படுவது அதே வட்டாரத்திலிருந்து மறு ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு. பிறர் முன் சறுக்கியவர், மற்றவர்கள் தன்னை எவ்வளவு மட்டமாக எடைபோடுவார்கள் என்று அஞ்சுகிறாரோ, அவ்வளவு மட்டமாக அவர்கள் எடைபோடுவதில்லை என்று அதில் கண்டார்கள். அவர்கள் சிரித்தார்கள் என்பது உண்மை. உன்னைத் தாழ்வாக நினைத்தார்கள் என்பது நீயாகச் சேர்த்துக்கொண்டது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இலேயே எழுதியிருக்கிறார்: பதின்ம வயதுப் பிள்ளைகள் தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு பார்வையாளர் கூட்டம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று. அந்தக் கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சுமந்துகொண்டு அலைகிறான். உன் நண்பர்களில் பாதிப் பேருக்கு, அன்று சிரித்தபோது தன் பல் எப்படித் தெரிந்தது என்ற கவலை இருந்திருக்கும்.

கடைசி பெஞ்ச் நண்பர் சொன்னது அவருக்குச் சரி. அவருக்குப் பெயர் வைத்தவர்கள் தோழர்கள். அவர் திருப்பி அடிக்கலாம், வேறு பெயர் வைக்கலாம், ஒரு நாள் பேசாமல் இருக்கலாம். வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் மாணவன் இதில் எதையும் செய்ய முடியாது. பிள்ளைகளின் கேலிக்கு ஆயுள் குறைவு. அடுத்த வேடிக்கை கிடைத்ததும் தாவிவிடுவார்கள், மூன்றாம் ஆண்டுப் பெண் சொன்ன மீசை மாதிரி. ஓர் ஆசிரியர் தினமும் காலையில் ஒன்பது மணிக்கு நீரூற்றினால் அது எப்படி வாடும்? பாசமாகவே இருக்கட்டும். பாசம் உள்ளவரிடம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார், அதனால் கேட்பது இன்னும் எளிது.

எப்படிக் கேட்பது என்றும் சொல்கிறேன். வகுப்பில் வேண்டாம். நண்பனைத் துணைக்கு அழைத்துப் போகாதே. இடைவேளையில் அவர் தனியாக நடந்து வரும்போது போய், "ஐயா, முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது வருகை சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் ஐயா" என்று சொல். மூன்று வாக்கியம் போதும். மாத்திரைக் கதையை விளக்காதே, அடுத்தவர்களைக் குறை சொல்லாதே, அழுகை வந்தால் வரட்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் வெலவெலத்துப் போவார்கள். தாங்கள் செய்வது இப்படிப் போய்ச் சேர்கிறது என்று அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. அப்படியும் நிறுத்தாவிட்டால் வீட்டில் சொல். அதன் பிறகு அது பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம்.

பதிலடிதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நிலா 27 நாளும் சில மணி நேரமும் எடுத்துக்கொள்வது விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால்தான். அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு ஏறத்தாழ 29½ நாள். நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்ச தூரம் நகர்ந்துவிடுகிறது, அதை எட்டிப்பிடிக்க நிலாவுக்கு இன்னும் இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது. அடுத்த முறை அவர் கேட்கும்போது, "விண்மீனை வைத்தா, சூரியனை வைத்தா ஐயா?" என்று பணிவாகக் கேள். நான் உன் வகுப்பில் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். ஆனால் என் சுபாவம் வேறு.

இனி சுற்றுலா விஷயம். மானம் போகிற சம்பவங்கள் வகுப்பறையைவிடச் சுற்றுலாவில் அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் எந்த பெஞ்ச், எந்தக் கதவு, எப்போது மணி அடிக்கும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரியும். புது இடத்தில் எதுவும் தெரியாது. ஜான் ஃபாக்கும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. இடம் மிகவும் புதிதாக இருந்தால், பிள்ளைகளின் கவனம் முழுக்க அந்த இடத்துக்குப் பழகுவதிலேயே போய்விடுகிறது, சொல்லிக்கொடுக்கும் பாடம் ஏறுவதில்லை. அதைப் படிப்பதற்கு முன்பே எனக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் கரும்பலகையில் நான் முதலில் எழுதுவது கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை. அடுத்து சாப்பாடு எப்போது, வழி தவறினால் எங்கே வந்து நிற்க வேண்டும். வரலாறும் அறிவியலும் அதற்குக் கீழேதான். கழிப்பறை எங்கே என்று தெரியாத பிள்ளைக்கு எந்த அரசனைப் பற்றிச் சொல்லியும் பயனில்லை.

என் பையில் பாலிதீன் உறை, ஊக்கு, சானிட்டரி நாப்கின், மாற்றுப் பாவாடை எப்போதும் இருக்கும். ஒரு முறை ஓர் அருங்காட்சியகத்தின் படிக்கட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குப் புரிவதற்கு முன் அவள் தோழிக்குப் புரிந்துவிட்டது. தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். கட்டிவிட்டு ஒரு கணம் பார்த்தாள். ஒருத்தி மட்டும் கட்டியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் அல்லவா? உடனே மற்ற இரண்டு தோழிகளைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அவர்களும் தங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். தனக்கு இல்லாமல் போன இவள் மட்டும், என் தோளில் இருந்த சால்வையை "டீச்சர், கொடுங்கள்" என்று உருவிக்கொண்டாள். நாலு பேரும் ஒரே கோலத்தில் கழிப்பறைக்குப் போய், ஒரே கோலத்தில் திரும்பி வந்து, மாலை வரை அப்படியே நடந்தார்கள். பையன்கள் அதை ஏதோ புது நாகரிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுவாரம் பள்ளியில் பாதிப் பையன்கள் இடுப்பில் ஸ்வெட்டர்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருப்பான். முகாமில் உன் பாயை அவனுக்குப் பக்கத்தில் போடு. யாரென்று உனக்கே தெரியும், அன்று உன்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தவன் எவனோ அவன்.

போகாமல் இருந்துவிடாதே. ஃபாக்கும் லின் டியர்கிங்கும் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பிள்ளைகள், பெரியவர்கள் என்று 128 பேரிடம் பள்ளிக் காலச் சுற்றுலாவைப் பற்றிக் கேட்டார்கள். 96 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சுற்றுலா நினைவிருந்தது. பள்ளியில் நடத்திய எந்தப் பாடத்தைப் பற்றிக் கேட்டாலும் அந்த எண் வராது, இது என் சொந்தக் கருத்து.

பதில்: கடைசி பெஞ்ச்

டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் ஆசிரியர் ஒருநாளும் என்னைப் பீரங்கி என்று கூப்பிட்டதில்லை. இப்போதுதான் அது உறைக்கிறது. ஆனாலும் அந்த "விண்மீனை வைத்தா, சூரியனை வைத்தா" கேள்வியைக் கேட்காமல் விடுவது அநியாயம்.

வரிசை எண் 27

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, கேட்கவில்லை. தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை மாடிப்படி அருகில் ஆசிரியர் தனியாக வந்தார். டீச்சர் சொன்ன மூன்று வாக்கியங்களில் இரண்டுதான் வாயில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, "சரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபமோ என்று ராத்திரி முழுக்கக் குழப்பம். வெள்ளிக்கிழமை காலை 26-க்குப் பிறகு நிற்காமல் 27 என்று படித்துவிட்டு 28-க்குப் போனார். பழக்க தோஷத்தில் சிலர் "இருபத்தேழு" என்று ஆரம்பித்தார்கள். அவர் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "போதும்" என்றார்.

அம்மாவிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அதைச் சொல்லப்போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அம்மா வயிறு வலிக்கும்வரை சிரித்தார்கள். படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு பயம். நான் தூக்கத்தில் பேசினால் யாராவது போனில் படம் பிடித்துவிடுவார்களோ?

பதில்: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை

இது நியாயமான பயம். தங்கும் சுற்றுலாக்களில் இரவு படுக்கும் முன் எல்லோருடைய போனையும் பெயர் எழுதிய உறையில் போட்டு வாங்கி வைத்துவிட்டு, காலையில் திருப்பிக் கொடுப்பேன். வீட்டுக்கு அவசரமாகப் பேச வேண்டியவர்களுக்குப் பொறுப்பாசிரியரின் போன் இருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்த ஏற்பாடு உண்டா என்று வகுப்புத் தலைவனை விட்டுக் கேட்கச் சொல். நீ கேட்டதாகத் தெரிய வேண்டியதில்லை. இதே கவலை உள்ள பிள்ளைகள் குறைந்தது பத்துப் பேராவது இருப்பார்கள், அவர்களும் கேட்க முடியாமல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பதில்: மருந்தாளுநர்

உடம்பு அலுத்து, தூக்கம் கெட்டிருந்தால் தூக்கத்தில் பேசுவது அதிகமாகும். கிளம்புவதற்கு முந்தின இரண்டு மூன்று இரவும் சீக்கிரம் படு. மாத்திரையை அம்மாவிடமிருந்து வாங்கிப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்து வை, நேரம் பார்த்து அவரே கொடுக்கட்டும். மறந்துவிடுவேனோ என்று சாப்பிட்டவுடன் போடும் வேலை இனி வேண்டாம்.